எமரி தாளைக் கீழே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ‘புதுப்பொலிவு பெற்ற தாத்தாவின் துப்பாக்கி’ கட்டுரையை இங்கே பென்சில்வேனியாவில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்தேன். பரணில் கிடந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை ஒருவர் எடுத்து, தேய்த்து, வார்னிஷ் அடித்து, கண்ணாடி மாதிரி மின்ன வைத்த கதை. ‘முதலில் 120 நம்பர் எமரி, பிறகு 400 நம்பர்’ என்று பெட்டிச் செய்தியாகச் செய்முறையும் போட்டிருந்தீர்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கட்டுரையாளர் மேல் கோபமில்லை. ஆறு வருடத்துக்கு முன் அதே எமரியை அதே நம்பர் வரிசையில் எடுத்துத் தேய்த்தவன் நான்.

நான் கோவை கணபதிக்காரன். அப்பா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு லேத் போட்டு, பம்ப்செட் உதிரிபாகம் கடைந்து கொடுத்து எங்களைப் படிக்க வைத்தார். நானும் கடைசல் வேலைதான் கற்றேன். பிறகு இந்த நாட்டுக்கு வந்து 31 வருடம் கருவிகள் செய்யும் டூல் ரூமில் நின்றே காலம் போனது. துப்பாக்கிக்கும் எனக்கும் இருந்த உறவு, கல்லூரியில் என்.சி.சி.யில் குப்புறப் படுத்து ‘பாயின்ட் டூ டூ’ ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டதோடு சரி. ஐந்தில் மூன்று பக்கத்து மாணவனின் அட்டையில் போய் விழுந்தன. அவனுக்கு அன்றைக்கு எட்டு ஓட்டை.

ஓய்வு பெற்ற வருடம், மெர்சர் மாவட்டத்தில் ஒரு பண்ணை வீட்டின் சாமான்களை ஏலம் விட்டார்கள். புளியம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து வாய் திறக்காமல் பேரம் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே நேர் எதிர். ஏலக்காரர் மூச்சே விடாமல் பாடுகிறார். நான் போனது, வேலைச் சாமானை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸுக்காக. அது கையை மீறிப் போய்விட்டது. அதன் பிறகு மேசைக்கு வந்தது இந்த ரைஃபிள். குழல் முழுக்கச் செம்பழுப்புத் துரு. பின்பக்க மரக்கட்டையின் கழுத்தில் விரிசல், அதைச் சுற்றி யாரோ செப்புக் கம்பி கட்டியிருந்தார்கள். லீவரை இறக்கி ஏற்றினால் கடகடவென்று ஆட்டம். 140 டாலருக்கு முடிந்தது. “ஏனுங்க, இந்தக் காசுக்கு ஒரு நல்ல கிரைண்டர் வந்திருக்குமே?” என்று வீட்டம்மா கேட்டார். வந்திருக்கும்தான்.

வீட்டுக்கு வந்து குழலின் மேல் எண்ணெய்த் துணியால் துடைத்தபோதுதான் எழுத்து தெரிந்தது: ஜே. ஸ்டீவன்ஸ் ஏ. அண்ட் டி. கம்பெனி, சிக்கோபி ஃபால்ஸ், மாசச்சூசெட்ஸ், காப்புரிமை ஏப்ரல் 17, 94. அந்த ‘ஏ. அண்ட் டி.’ என்பது ஆர்ம்ஸ் அண்ட் டூல், அதாவது ஆயுதமும் கருவியும். எனக்கு அங்கேயே மனசு இளகிவிட்டது. ஜோஷுவா ஸ்டீவன்ஸ் 1864-இல் தொடங்கிய இந்த நிறுவனம் துப்பாக்கியோடு கூடவே காலிப்பர், டிவைடர் மாதிரி அளவுக் கருவிகள் எல்லாம் செய்து விற்றது. என் மாதிரி ஆட்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் சாமான்கள். இன்று உலகம் முழுக்கச் சுடப்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவை 1887-இல் கொண்டு வந்ததும் இவர்களே. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அதே ஊரில் ஸ்டீவன்ஸ்-டியூரியா என்ற மோட்டார் காரும் செய்தார்கள். பக்கத்திலேயே ஸ்பிரிங்ஃபீல்டில் அப்போது 1794 முதலே அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. ஒரு பட்டறையில் கற்றவன் அடுத்த தெருவில் தனிப் பட்டறை போடும் ஊர். கணபதியில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் கையில் இருந்த மாடலின் பெயர் ‘ஃபேவரிட்’. 1894 வாக்கில் வந்தது. பையன்களுக்கென்றே செய்யப்பட்ட சின்ன ரைஃபிள். சுமார் ஆறு டாலர் விலை. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. லீவரைக் கீழே தள்ளினால் உள்ளே ஓர் இரும்புக் கட்டி சரிந்து இறங்கி வழிவிடும். தோட்டாவைக் கையால் நுழைத்து லீவரை மேலே இழுத்தால் கட்டி ஏறி அடைத்துக்கொள்ளும். அடியில் பெரிய தலையுள்ள ஒரு திருகு. அதை விரலாலேயே கழற்றினால் குழல் தனி, கட்டை தனி. தூண்டிலோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடிவிடலாம். 1915-இல் வெஸ்டிங்ஹவுஸ் அந்தத் தொழிற்சாலையை வாங்கி ரஷ்ய ஜாருக்கு மோசின்-நாகன் ரைஃபிள் செய்ய ஆரம்பித்தது; 1920-இல் அது சாவேஜ் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியின் கைக்குப் போனது. என் குழலில் இருக்கும் கம்பெனிப் பெயர் அந்த முதல் கைமாற்றக் காலத்துக்கு முந்தையது. ஆக என் ஃபேவரிட் 1894-க்குப் பின், முதல் உலகப் போரின் நடுவாக்குக்குள் பிறந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி ‘பழம்பொருள்’. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் அதற்கு இல்லை. என்னுடையது கோட்டின் எந்தப் பக்கம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. காப்புரிமைத் தேதி என்பது அதற்கு முன் பிறக்கவில்லை என்பதற்குத்தான் சாட்சி. பிறந்த தேதி இல்லை. ஏலத்தில் பக்கத்தில் நின்றவர் “நூறு வருஷச் சாமானுக்கு யார் கேட்கப் போறாங்க?” என்றார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. உரிமம் உள்ள வியாபாரி வழியாக, துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பும் 4473 படிவம் எழுதி, மாநிலக் காவல்துறையின் பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது எமரிக்கு வருகிறேன்.

முதல் வாரமே ஆர்வக் கோளாறு. குழலையும் கட்டையையும் இணைக்கும் நடு இரும்பை, ரிசீவர் என்பார்கள், அதன் இடப்பக்கத்தை எமரி வைத்துத் தேய்த்தேன். சாம்பலும் பழுப்புமாக இருந்தது போய் வெள்ளை இரும்பு பளபளவென்று வந்தது. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். “சூப்பர்ப்பா” என்று பதில். மறுநாள் பின்கட்டையைக் கழற்றினேன். மரத்துக்குள் புதைந்து வெளிச்சமே படாமல் இருந்த ரிசீவரின் வால்பகுதியைப் பார்த்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மயில்கழுத்து நீலம், அதற்குள் வைக்கோல் மஞ்சள், ஓரத்தில் நாவல்பழக் கறை மாதிரி ஊதா. பட்டுப்புடவைக் கடையில் விளக்கடியில் விரித்துக் காட்டுவார்களே, அந்த மாதிரி.

அது பெயிண்ட் அல்ல. இரும்பை எலும்புக் கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் கொட்டும்போது மேல்தோல் கடினமாகும். கூடவே இந்த நிறங்கள் வரும். தோலிலும் தோலாக மெல்லிய படலம். கையின் வியர்வைக்கும் வெயிலுக்கும் மங்கும். எமரிக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்காது. வலப்பக்கத்தை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். சாம்பலுக்கு அடியில் நீலத்தின் சாயல் இன்னும் இருந்தது. இடப்பக்கம் நூற்றுச் சொச்சம் வருடம் தாங்கியதை நான் கால் மணி நேரத்தில் வழித்து எறிந்திருந்தேன். மூன்று மாதம் அந்த ரைஃபிளைத் தொடவில்லை.

அந்த மூன்று மாதத்தில் ஒரு சொல் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா எந்த இயந்திரத்தையும் ‘புதுப்பிக்கிறேன்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘பழுது பார்க்கணும்’ என்பார். பார்ப்பதுதான் அதில் முதல் வேலை, கை அப்புறம். நான் பார்க்காமலே தேய்த்துவிட்டேன். உங்கள் கட்டுரையிலும் தேய்த்தல், அடித்தல், பூசுதல் எல்லாம் இருந்தது. எது பழுது, எது வயசு என்று பார்த்த இடம் ஒன்றுகூட இல்லை. துப்பாக்கியில் அந்த வித்தியாசம் அழகுக்கு மட்டும் அல்ல, கண்ணுக்கும் முகத்துக்கும் ஆனது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

என் ரைஃபிளுக்கான .22 தோட்டாவின் பின்பக்கம் நடுவில் பொட்டு இருக்காது. அடித்தட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளே பற்றவைக்கும் மருந்து இருக்கும். ஊசி வந்து விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். தீபாவளிக்குச் சுருள் கேப்பைக் கல்லால் தட்டுகிறோமே, அதே சங்கதி. நசுங்க வேண்டுமானால் விளிம்புத் தகடு மெல்லிசாகத்தான் இருக்க முடியும். ஆகவே அந்த மெல்லிய விளிம்பைப் பின்னாலிருந்து இரும்புக் கட்டி இறுக்கித் தாங்கி நிற்க வேண்டும். அதற்கான இடைவெளி 43 தௌ. அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 43. என் ரைஃபிளில் அளந்தால் 55. அந்தக் கூடுதல் 12 தௌ நகத்தின் கனம் இருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் தோட்டா வெடித்த நேரத்தில் விளிம்பு அந்தச் சந்துக்குள் பிதுங்கிக் கிழிந்தால், நெருப்பும் பித்தளைத் துணுக்கும் சுடுகிறவனின் முகத்தைப் பார்த்துத்தான் வரும். எமரி போட்டு எவ்வளவு மின்ன வைத்தாலும் இந்த 12 தௌ அப்படியேதான் இருக்கும். மின்னுகிற துப்பாக்கியை நம்பி ஒருவர் தோட்டா வேறு போடுவார். அதுதான் எனக்குப் பயம்.

சந்து எங்கிருந்து வந்தது? லீவரும் கட்டியும் சுழலும் அச்சு ஊசிகளும் அவற்றின் துளைகளும் தேய்ந்து, துளைகள் முட்டை வடிவம் ஆகியிருந்தன. துளையைச் சீராக அகலமாக்கும் ரீமர் விட்டு மறுபடி வட்டமாக்கி, அதற்குத் தக்கபடி சற்றே பருமனான அச்சு ஊசிகளைக் கடைந்து போட்டேன். இந்த ஊரில் அந்த உருக்குக் கம்பிக்கு டிரில் ராட் என்று பெயர். கணபதியில் நாங்கள் சில்வர் ஸ்டீல் என்போம். அதில் வெள்ளி ஒரு குந்துமணி கிடையாது. திருகுகளில் இரண்டு யாரோ பொருந்தாத ஸ்க்ரூட்ரைவரால் திருகிக் குதறியவை. அவற்றின் மரை என்னிடம் இருந்த மரை வெட்டும் டேப் எதற்கும் பிடி கொடுக்கவில்லை. லேத்தில் ஒற்றை உளியால் மரை வெட்டித்தான் புதிது செய்தேன். கடைசியில் 44 தௌவுக்கு வந்து நின்றது. போதும்.

இன்னொரு காயம் குழலின் பின்வாயில், தோட்டா நுழையும் இடத்தில் இருந்தது. தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து விளையாடினால் ஊசி நேராகக் குழலின் ஓரத்தில் போய்க் கொத்தும். பல தலைமுறைப் பையன்கள் கொத்தியதில் அங்கே ஒரு பள்ளமும், பள்ளத்தின் ஓரத்தில் உள்ளே பிதுங்கிய முள்ளும். சுட்ட பிறகு பித்தளைக் கூடு வெளியே வராமல் அடம்பிடித்தது அதனால்தான். முள்ளை வெட்டி எடுக்கக் கூடாது; வழவழப்பான ஓர் உருக்கு முளையை உள்ளே விட்டு, இரும்பை வந்த வழியே திருப்பித் தள்ள வேண்டும். அரை மணி நேர வேலை. முளை செய்ய ஒரு நாள் ஆனது.

குழலின் உள்ளே என்ன என்று பார்க்கவே இரண்டு வாரம். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ‘உள்ளே போச்சு’ என்று தோன்றுவது பாதி நேரம் பழைய ஈயப் படிவாக இருக்கும். எண்ணெய் விட்டு ஊற வைத்து, பித்தளைத் தூரிகை, துணி, மறுபடி எண்ணெய் என்று தினமும் காலைக் காப்பிக்குப் பிறகு பத்து நிமிடம். ஈயம் வெள்ளித் தகடு மாதிரி உரிந்து வந்தது. அதற்குப் பின்னால் தெரிந்தது உண்மையிலேயே போன குழல்தான். அந்தக் காலத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து எரிந்ததும் ஒருவகை உப்பு தங்கும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அன்று இரவே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துரு அரிக்கத் தொடங்கிவிடும். உப்புத் தங்காத மருந்து 1920-களின் பின்பாதியில்தான் கடைக்கு வந்தது. அதுவரை எந்தப் பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்துக் கழுவியிருக்கப் போகிறான்?

25 கஜத்தில் அட்டை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். அட்டையில் விழுந்தவை ஓட்டைகள் அல்ல, கீறல்கள். குண்டு சுழலாமல் குட்டிக்கரணம் போட்டுப் பக்கவாட்டில் போயிருந்தது. இந்த நிலையில் இரண்டு வழி. சுவரில் மாட்டலாம். அல்லது குழலைத் துளைத்து, உள்ளே குண்டைச் சுழற்றும் வரி புதிதாக வெட்டிய மெல்லிய குழாய் ஒன்றைச் செருகலாம். ஒரு மாதம் யோசித்தேன். வெளித்தோலைத் தொட்டதற்கே தூக்கம் கெட்டவன், உட்குழலை முழுசாக எடுத்தால் என்ன மிச்சம்? கடைசியில் லேத்துக்காரன் ஜெயித்தான். நிறம் மங்கியது வயசு. குண்டு குறுக்கே போவது பழுது. 22 அங்குலக் குழலை லேத்தில் பூட்டி, பழைய துளையையே வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு போகும் மூக்கு வைத்த நீண்ட துளைக்கருவியால், அங்குலம் அங்குலமாக, துருவலை வெளியே இழுத்து இழுத்து, இரண்டு சாயங்காலம். அந்த இரண்டு நாளும் ரேடியோகூடப் போடவில்லை. மறுமுனையில் கருவி நடுவில் எட்டிப் பார்த்ததும் அப்பாவுக்கு ஒரு போன் போட வேண்டும் போல இருந்தது. அவர் போய்ப் பதினான்கு வருடம்.

புதுக் குழாயைச் செருகிய பிறகு இப்போது அதே 25 கஜத்தில் ஐந்து குண்டும் ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழுகின்றன. என் கண்ணுக்கு அதுவே அதிகம். சாதாரண வேகத் தோட்டா மட்டும்தான் போடுகிறேன். 1887-இல் இந்தத் தோட்டா பிறந்தபோது அதற்குள் இருந்தது 5 கிரெய்ன் எடையுள்ள கரிமருந்து. இந்த ரைஃபிளின் எலும்பு அந்த அழுத்தத்துக்கு அளந்து செய்தது. 1930 வாக்கில் வந்த அதிவேகத் தோட்டாவும் அளவில் ஒன்றுதான், தாராளமாக நுழையும். நுழைகிறது என்பதற்காகப் போடக் கூடாது.

கட்டையில் விரிசலுக்குப் பசை போட்டு இறுக்கிக் காய வைத்தேன். வால்நட் மரம், ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்ததோடு சரி, வார்னிஷ் இல்லை. பழைய செப்புக் கம்பியைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு வீட்டம்மா, “அந்தக் கம்பியை எதுக்குங்க கழட்டுனீங்க? கட்டுனவன் எவ்வளவு நெருக்கமாச் சுத்தியிருந்தான்” என்றார். கிரைண்டரை மறந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. பசையே தாங்கும், கம்பி தேவையில்லை. ஆனாலும் பழைய தடத்திலேயே மறுபடி சுற்றிவிட்டேன். இதில் என் ‘பழுது, வயசு’ சித்தாந்தம் கொஞ்சம் வழுக்குகிறது என்று எனக்கே தெரியும்.

இந்த நாட்டில் துப்பாக்கி என்றால் என்னென்ன நடக்கிறது என்று வாசகர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகும் பேரன் எனக்கும் இருக்கிறான். ரைஃபிள் இரும்பு அலமாரியில், குழல் தனியாக, தோட்டா வேறு அறையில், சாவி என் இடுப்பில்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நான் இங்கே கொட்டகையில் செய்ததை அங்கே யாரும் செய்யக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதையும் பழுதுபார்ப்பதையும் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே விடுகிறது. ‘பழங்காலச் சாமான்தானே’ என்று சிலர் 45-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அதை முழுசாகப் படிக்க வேண்டும்: பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, சுடவே முடியாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்குத்தான் விலக்கு. பரணில் கிடந்ததைச் சரிசெய்து ‘இப்போது சுடுகிறது’ என்று பத்திரிகையில் படத்தோடு சொன்னால், அந்த விலக்கு தனக்கு இல்லை என்று தானே சாட்சி சொல்வதாகிவிடும். தாத்தா உரிமம் வைத்திருந்து காலமாகியிருந்தால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேய்ப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே இரண்டு திருத்தங்கள் வேண்டுகிறேன். ஒன்று, இந்தச் சட்ட விவரத்தை அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். இரண்டு, ‘120 நம்பர், 400 நம்பர்’ என்ற பெட்டிச் செய்தியை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். துரு எடுக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு எண்ணெயும் ‘0000’ நம்பர் இரும்பு நாரும் போதும். அதையும் யார் கண்ணிலும் படாத ஓரத்தில் முதலில் தேய்த்துப் பாருங்கள் என்று எழுதுங்கள். படம் வேண்டுமென்றால் என் ரைஃபிளின் இரண்டு பக்கத்தையும் எடுத்து அனுப்புகிறேன். வலப்பக்கம் சாம்பலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் நீலம் இருக்கிறது. இடப்பக்கம் ஆறு வருடம் ஆகியும் ஸ்பூன் மாதிரிதான் மின்னுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்மேக்கர்,
மெர்சர் மாவட்டம், பென்சில்வேனியா